டிராயிங் வாத்தியாரின் மாவுப்பூச்சிக் கல்யாணம்

தாராபுரத்தில் இருபத்தாறு வருசமாக உரக்கடை வைத்திருக்கிறேன். கல்லாவுக்குப் பின்னால் இத்தனை வருசமும் மருந்துக் கம்பெனிக் காலண்டர்கள்தான் தொங்கின. போன மாசி மாதம் அவற்றையெல்லாம் கழற்றிவிட்டு ஓர் ஓவியத்தை மாட்டினேன். இரண்டடிக்கு ஒன்றரையடி, பழைய பெட்டகத்துப் பலகையில் வரைந்தது. மாட்டிய மூன்றாம் நாள், அலங்கியம் பக்கத்திலிருந்து யூரியா வாங்க வந்த ஒரு விவசாயி, ஆதார் கார்டை நீட்டியவர் நீட்டியபடியே நின்றுவிட்டார்.

"ஏனுங்க, இது அப்போ பப்பாளியில வந்த மாவுப்பூச்சிதானுங்களே?"

படத்தில் அந்தப் பூச்சிக்குப் பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து, முகூர்த்தப் பந்தலில் மணப்பெண்ணாக உட்கார வைத்திருக்கிறார் ஓவியர். அப்படியும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எப்படிங்க கண்டுபிடிச்சீங்க என்று கேட்டேன். "சேலை ஓரத்துல அந்த வெள்ளைக் குஞ்சம் இருக்குதல்லங்க" என்றார்.

அந்த ஓவியத்தையும் அதை வாங்கிய இடத்தையும் பற்றி எழுத வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். ஓவியத்தைப் பற்றி எழுதும் படிப்பு எனக்கு இல்லை. ஆனால் அவர் வரைகிற பூச்சிகளையும் களைகளையும் தினமும் பார்க்கிறவன் நான். ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது கவரில் இலையைப் போட்டுக் கொண்டுவந்து என் மேஜைமேல் கொட்டுகிறார்கள்.

இடம், மூலனூரிலிருந்து வெள்ளகோவில் போகிற ரோட்டில், முருங்கைத் தோட்டங்களைத் தாண்டி, காற்றாலைகள் நிற்கிற பக்கம். ரோட்டை விட்டு இறங்கி, இரண்டு பக்கமும் வேலி போட்ட மண்தடமான ஓர் இட்டேரிக்குள் அரை மைல் போக வேண்டும். கார் போகும், எதிரே மாட்டு வண்டி வந்தால் போகாது. போர்டு கிடையாது. சாளை என்றால் தோட்டத்து வீடு. ஊருக்குள் "டிராயிங் வாத்தியார் சாளை" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி சொல்லும். அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். படங்களில் அவர் கையெழுத்துப் போடுவதில்லை. வலது மூலையில் துளிர்விட்ட ஒரு கிழுவைக் குச்சி இருக்கும், அதுதான் அவர் அடையாளம். பெயரை இணையத்தில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நானும் டிராயிங் வாத்தியார் என்றே எழுதுகிறேன். சனி, ஞாயிறு மட்டும் காலை பத்து மணியிலிருந்து வெயில் சாயும் வரை திறந்திருக்கிறார்.

நானும் என் மனைவியும் போனபோது கட்டுத்தரையில் ஒரு மயிலைப் பசுவுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். "வாங்க வாங்க, வெய்யில்ல வந்துட்டீங்க, மொதல்ல மோர் குடிங்க" என்றார். மோரைக் குடித்து முடிக்கிற வரைக்கும் படத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அப்புறம்தான் ஆசாரத்து, அதாவது முன்கூடத்து, கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே கேன்வாஸ் என்று ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் வீடு இடிக்கிற இடத்திலும் பழைய மரக் கடையிலும் வாங்கிய பொருள்கள்மேல் வரைந்தவை. பெட்டகத்துப் பலகை, பத்தாயக் கதவு, ஊஞ்சல் பலகை, முறம், சீமை ஓடு. மாடு கட்டிக் கவலை ஓட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்த காலத்து இரும்புச் சால்கூட ஒன்று இருந்தது. சொரசொரப்பைக் கொஞ்சம் தேய்த்துவிட்டு, அக்ரிலிக்கில் வரைந்து, மேலே இரண்டு பூச்சு வார்னிஷ். மரத்தின் கணு எங்கே இருக்கிறதோ அங்கே கண்ணோ கிணறோ வருகிற மாதிரி யோசித்து வரைகிறார்.

எல்லாப் படத்துக்கும் விசயம் ஒன்றுதான். நம் ஊருக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்த செடி, பூச்சி, மீன், மாடு. அவை நம் வீடுகளில் மனுசர்களைப் போல நடமாடுகின்றன. கனவில் வருகிற மாதிரி இருக்கும். ஆனால் அந்தப் பூச்சியின் காலையும் செடியின் இலையடுக்கையும் பார்த்தால் பாடப்புத்தகப் படம்கூட அவ்வளவு சரியாக இருக்காது. உடுப்பும் இடமும் மட்டும்தான் கற்பனை. உடம்பில் ஒரு ரோமம்கூடக் கூட்டிக் குறைக்கவில்லை. அவர் படங்களுக்குப் பணம் கொடுக்கலாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

நான் வாங்கிய "சம்பந்தி விருந்து" பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பப்பாளி மாவுப்பூச்சி மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்துப் பூச்சி. 2008-ல் கோயம்புத்தூரில் முதலில் கண்டுபிடித்தார்கள். அடுத்த இரண்டு வருசத்தில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி, தேக்கு என்று கண்டதிலெல்லாம் ஏறியது. பார்த்தீனியத்தில்கூட உட்கார்ந்திருக்கும். உடுமலைப் பக்கம் என் மச்சானுக்கு இரண்டு ஏக்கர் மல்பெரி இருந்தது. பட்டுப்புழுவுக்குப் போடுகிற இலையில் மருந்தடித்தால் புழு செத்துப்போகும், அடிக்காவிட்டால் இலையே இருக்காது. ஒரே மாதத்தில் மூன்று முறை மருந்து வாங்கிக்கொண்டு போனார், மூன்றும் என் கடையில்தான், கடனில். பூச்சியின் மேலிருக்கும் மாவு ரெயின்கோட் மாதிரி, மருந்து உள்ளே இறங்கவே இல்லை. அதைத் தின்ன வந்த பொறிவண்டுகள்தான் செத்துக் கிடந்தன. கடைசியில் தோட்டத்தையே வேரோடு பிடுங்கினார். அந்த வெசனம் எனக்கு இன்னும் இருக்கிறது.

2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்துப் பெங்களூரில் சோதித்தார்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தது. மூன்றில் நன்றாக வேலை செய்தது அசெரோபேகஸ் பப்பாயே என்கிற குளவி. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். குஞ்சு உள்ளேயே தின்று வளர்ந்து, முதுகில் வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வரும். விட்ட சில மாதங்களில் வயல்களில் பூச்சி அடங்கத் தொடங்கியது. நான் விற்ற எந்தப் புட்டியாலும் முடியாத வேலை அது.

இந்தக் கதை முழுக்க அந்தப் பலகையில் இருக்கிறது. வாழைமரம் கட்டிய பந்தல், இணைச்சீர் என்கிற கொங்குக் கல்யாணச் சடங்கு நடக்கிறது, கல்யாணத்தை நடத்திவைக்கிற அருமைக்காரர் இடத்தில் ஒரு பப்பாளி மரம் காய்களோடு நிற்கிறது. மணப்பெண் பருத்த மாவுப்பூச்சி. மாப்பிள்ளையைத் தேட வேண்டும். அந்தப் பூச்சியில் ஆணுக்குத்தான் இறக்கை, உருவமும் சின்னது. அவள் தோளில் தூசி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறான். விருந்தினர்கள் எல்லாரும் வெள்ளைப் பட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். இவ்வளவும் சாளையில் வைத்துப் பார்த்தபோதே தெரிந்தது. கடையில் மாட்டி ஒரு வாரம் கழித்து, கல்லாவில் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம்தான் மற்றதைக் கவனித்தேன். கடைசி வரிசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறவர்களின் ரவிக்கையில் சின்ன வட்டமான ஓட்டை இருக்கிறது. உள்ளே கறுப்பாக, காலியாக இருக்கிறது. பந்தல் வாசலில் பன்னீர்ச் செம்போடு வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டு, கடுகில் பாதியளவில் மஞ்சளாக ஒரு புள்ளி. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். குளவியேதான், உணர்கொம்பில் கணுக்கூடப் போட்டிருக்கிறார்.

எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. அன்று சாயந்திரமே மச்சானுக்குப் போன் பண்ணி வந்து பார்க்கச் சொன்னேன். அடுத்த நாள் வந்தார். பதினைந்து நிமிசம் பார்த்துவிட்டு, "அப்பவே இதெ யாராச்சும் இப்படிக் காட்டியிருந்தா தோட்டத்தெப் புடுங்கியிருக்க மாட்டனே மாப்ளே" என்றார்.

அடுத்தது "பந்தி". ஏழடி ஊஞ்சல் பலகை. வாழையிலை போட்டுப் பந்தி நடக்கிறது. உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் மிளகாய், தக்காளி, மரவள்ளிக்கிழங்கு, கடலைக்காய், மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, கொய்யா. எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. ஆளுக்கு ஒரு சாயலில் நம் சொந்தக்காரர்கள் மாதிரியே இருக்கிறார்கள். கடலைக்காய் குறுக்கில் சுருங்கிய வேட்டியோடு என் பெரியப்பாவேதான். மிளகாய்தான் அதிகாரம் பண்ணிக்கொண்டு பந்தி நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பள்ளிபாளையம் சிக்கனும் சிந்தாமணிச் சிக்கனும் தின்று வளர்ந்த நாட்டில் அதற்கு அந்த இடம்தானே.

திண்ணையில் இரண்டு பெரியவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கம்பும் ராகியும். "நாங்கதான் இந்த ஊருக்குப் பழசு" என்கிற தோரணை. ஆனால் அவர்கள் காலடியிலும் ஒவ்வொரு துணிமூட்டை இருக்கிறது. அவர்களும் ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முன்னால் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள்தான். சரி, அப்படியானால் இந்த மண்ணிலேயே பிறந்தது யார் என்று பார்த்தால், பலகையின் வலது கோடியில், வீட்டுப் பின்பக்கத்துப் பொடக்காளியில், சாமையும் கொள்ளும் அண்டா கழுவிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இலை போட்டிருக்கவில்லை.

என் மனைவி அந்தப் பலகையை விட்டு நகரவே இல்லை. "என்னுங்க, இதுல நம்ம சமையல்கட்டே இருக்குதுங்க" என்றாள். வீட்டுக்கு வந்த வாரத்தில் இரண்டு நாள் கொள்ளுப்பருப்பு வைத்தாள். விலை நாற்பதாயிரம் சொன்னார். அதை மாட்ட எங்கள் வீட்டில் சுவரும் இல்லை, அவ்வளவு பணமும் அப்போது இல்லை.

சப்பாத்திக்கள்ளி பற்றிய படத்துக்குப் பெயர் "சாயம்". பத்தாயத்துப் பக்கப் பலகை, நல்ல உயரம். கள்ளி வேலிக்கு நடுவில் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து வெள்ளைக்கார அதிகாரி சிவப்புக் கோட்டுப் போட்டு நிற்கிறார். பக்கத்தில் போனால் கோட்டு துணியாக இல்லை, மேலெல்லாம் பூச்சி, நசுக்கிய இடமெல்லாம் ரத்தச் சிவப்பு. இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை, அங்கே கள்ளி மடல் முளைத்திருக்கிறது.

இதன் பின்கதையை வாத்தியாரே சொன்னார். அந்தக் காலத்தில் கோட்டுத் துணிக்குச் சிவப்புச் சாயம் எடுத்தது கள்ளியில் வளரும் ஒரு பூச்சியிலிருந்து. அதை இங்கேயே வளர்க்கலாம் என்று 1795-ல் பிரேசிலிலிருந்து வரவழைத்தார்கள். வந்தது வேறு இனம். நல்ல சாயம் கிடைக்கவில்லை, பூச்சி ஒரு வகைக் கள்ளியைத் தின்று தீர்த்ததுதான் மிச்சம். பிற்பாடு தென்னாட்டில் நிலத்தையெல்லாம் மூடியது இன்னொரு வகை, முள் பெரிய கள்ளி. அதற்கு 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள்.

எனக்கு இது புதுக்கதை. ஆனால் அதன் கடைசிப் பகுதியை எங்கள் அப்பாரு (அப்பாவைப் பெற்ற தாத்தா) வாயால் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அவர் மாடு மேய்த்த காலத்தில் காட்டைச் சுற்றிக் கள்ளிதானாம். பஞ்சத்தில் முள்ளைத் தீயில் பொசுக்கி மடலை மாட்டுக்குப் போடுவார்களாம். "ரெண்டு மூணு வருசத்துல வெள்ளெ வெள்ளெயாப் பூத்து, அத்தனெயும் கருகி உழுந்துச்சு. அந்த வெள்ளெயெ நசுக்குனா கையெல்லாம் செவப்பு, நாங்க மருதாணின்னு பூசிக்குவோம்" என்பார். ஏதோ கதை விடுகிறார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். படத்தின் அடியில், அதிகாரியின் பூட்ஸுக்குப் பக்கத்தில், கோவணம் கட்டிய நாலு பையன்கள் சிவந்த உள்ளங்கையை விரித்துக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வாத்தியாருக்கு இதை யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "எங்க அப்பிச்சிங்க" என்று அம்மாவைப் பெற்ற தாத்தாவைச் சொன்னார்.

இரட்டைப் பத்தாயக் கதவில் இருக்கிற "வேலி" அவர் படங்களில் பெரியது. விற்பனைக்கு இல்லை. அதில்தான் எனக்கும் அவருக்கும் கொஞ்சம் வாக்குவாதம் வந்தது.

இடது கதவில் கொரங்காடு, நம் பக்கத்து மேய்ச்சல் காடு. கிழுவை வேலி, கொழுக்கட்டைப் புல், குடை பிடித்த மாதிரி வெள்வேல மரங்கள், நடுவில் காங்கேயம் மாடுகள். இதில் கற்பனை எதுவும் இல்லை. நிற்கிற ஒரு கன்றுக்குப் பாதி உடம்பு செவலை, பாதி சாம்பல். பிறக்கும்போது சிவப்பாக இருந்து ஆறு மாதவாக்கில் மயிலையாக மாறுகிற கன்று, மாறிக்கொண்டிருக்கும்போது எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. கண்ணபுரம் சந்தையில் நிற்கிற உணர்வு வந்துவிட்டது. வலது கதவைத் திறந்தால் அதே காட்டில் ஒரு வீடு. ஆசாரத்துக் கயிற்றுக்கட்டிலில் வேலிக்காத்தான், அதாவது சீமைக் கருவேல மரம், கால்மேல் கால் போட்டுச் சாய்ந்திருக்கிறது. அதன் வேர்கள் கட்டிலுக்கு அடியில் இறங்கி, தரையைப் பிளந்து, கிணற்றுக்குள் போய், தண்ணீரைப் புடவை உருவுகிற மாதிரி உருவிக்கொண்டிருக்கின்றன. வீட்டுக்காரர்கள் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

படம் அபாரம். ஆனால் நான் சொன்னேன்: "வாத்தியாருங்க, அந்த மரம் இல்லாட்டி எங்க வீட்டுல அடுப்பே எரிஞ்சிருக்காதுங்களே." எங்க அய்யனுக்கு இருந்தது மூன்று ஏக்கர் மேட்டாங்காடு. மழை ஏமாற்றிய வருசமெல்லாம் வேலிக்காத்தானை வெட்டிக் கரி மூட்டம் போட்டுத்தான் எங்கள் பள்ளிக்கூடச் செலவு நடந்தது. 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த மரங்களை அகற்றச் சொன்னபோது நல்லது என்றுதான் நானும் சொன்னேன். ஓடையிலும் குளத்திலும் அது பண்ணியிருக்கிற வேலை எனக்குத் தெரியும். அதற்காக ஏழை வீட்டு அடுப்பை மறந்துவிடக் கூடாது அல்லவா.

அவர் கோபப்படவில்லை. "மூலையெப் பாருங்க தம்பி" என்றார். வலது கதவின் கீழ் மூலையில், நான் கவனிக்காத இடத்தில், ஒரு பெண் விறகுச் சுமையோடு போகிறாள். அந்தக் கதவில் வேறு யாருக்கும், மரத்துக்கும், வீட்டுக்கும்கூட நிழல் கிடையாது. அவளுக்கு மட்டும் நீளமாக நிழல் விழுகிறது. சுமையில் இருக்கிறது வேலிக்காத்தான் முள் விறகு. அதன் முள் ஜோடி ஜோடியாக இருப்பதைக்கூட விடாமல் போட்டிருக்கிறார்.

எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. அவள் இன்னும் கொஞ்சம் பெரிதாக, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்திருக்க வேண்டும். நான் சொன்னதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். மரம் எப்படி வந்தது என்றும் பேச்சு வந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் ஏரோப்ளேனில் தூவினார்கள் என்றுதான் சொல்வார்கள். அதற்கெல்லாம் ரொம்ப முன்னாலேயே, 1877-ல், ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்துக் கடப்பைப் பக்கம் விதைத்திருக்கிறார்கள் என்றார். விறகுப் பஞ்சத்துக்காக ஆசையாகக் கூப்பிட்டு வந்த மரம் அது. அவர் படங்களில் இந்த விருந்தாளிகள் யாரும் கதவை உடைத்துக்கொண்டு வருவதில்லை. யாரோ ஒருவர் ஆரத்தி எடுத்துக்கொண்டு நிற்பார்.

பொள்ளாச்சிக்காரர்கள் "கோலம்" என்ற படத்தை அவசியம் பார்க்க வேண்டும். 2016-லிருந்து தென்னையை வாட்டும் சுருள் வெள்ளை ஈ பற்றியது. கரும்பூசணம் பிடித்த தென்னைகள் துக்க வீட்டில் போல வரிசையாகக் கறுத்து நிற்கின்றன. வாசலில் பெண்கள் சுருள் சுருளாகக் கோலம் போடுகிறார்கள். ஒவ்வொரு புள்ளியும் ஈ இலையின் அடியில் வைக்கிற முட்டை. கட்டியிருக்கிற சேலையெல்லாம் மஞ்சள், எங்கள் கடையில் விற்கிற ஒட்டுப்பொறி அட்டையின் அதே மஞ்சள். ஒருத்தி மட்டும் ஒரு பாத்திரத்தில் மைதாக் கஞ்சி வைத்துக்கொண்டு ஓலையைத் துடைக்கிறாள். கரும்பூசணத்துக்கு மைதாக் கரைசல் அடித்தவர்களுக்கு அது உடனே புரியும்.

மீன் படங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தி கோட்டுப் போட்டுக் கையில் செல்போனோடு சந்தையில் நிற்கிறது. பத்திரிகைக் கார்ட்டூன் மாதிரி இருக்கிறது, அவர் மற்ற படங்களில் எடுத்துக்கொள்ளும் பாடு இதில் இல்லை. மீசையும் நாலுதான் போட்டிருக்கிறார், எட்டு இருக்க வேண்டும். சொன்னேன், திருத்துகிறேன் என்றார். அதைவிட, இரும்புச் சாலுக்குள் வரைந்திருந்த ஜிலேபி மீன்கள் பரவாயில்லை. மேலேயிருந்து எட்டிப் பார்த்தால் கிணற்றுக்குள் பார்க்கிற மாதிரி இருக்கும். அமராவதி டேமில் ஜிலேபி வறுவல் தின்ற ஆட்கள் யாருக்கும் அது வெளிநாட்டு மீன் என்ற நினைப்பே வராது. 1952-ல்தான் இந்தியாவுக்கு வந்தது.

ஓட்டில் வரைந்த சின்னப் படங்கள் ஆயிரத்து இருநூறு ரூபாயிலிருந்து கிடைக்கும். பார்த்தீனியம், உண்ணிப்பூ, ஆகாயத்தாமரை, ஜெர்சி மாடு என்று இருபது இருபத்தைந்து இருந்தன. பரிசு கொடுக்க ஏற்றவை. நான் வாங்கிய பெட்டகப் பலகை பதினாலாயிரம். விலை எதிலும் எழுதியிருக்காது, கேட்டால் சொல்வார், பேரம் கிடையாது. தூணில் ஜீபே அட்டை ஒட்டியிருக்கிறது, சிக்னல் மட்டும் வெளியே வேப்ப மரத்தடிக்கு வந்தால்தான் கிடைக்கும்.

பழைய மரம் வாங்குகிறவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும். மரத்தைக் குடைகிற உளு இருக்கிறதா என்று. பலகையைத் திருப்பி, தட்டி, மாவு கொட்டுகிறதா என்று பார்த்தேன். குண்டூசி அளவில் நாலைந்து ஓட்டைகள் இருந்தன, எல்லாம் பழசு, ஓரம் மழுங்கி உள்ளே அழுக்கேறியிருந்தது. புது ஓட்டை என்றால் உள்ளே வெளுப்பாக இருக்கும், கீழே மாவு விழும். ஒவ்வொரு பலகையையும் மாதக்கணக்கில் வெயிலில் போட்டு, ஓட்டைகளில் ஊசியால் மருந்து ஏற்றி, மெழுகால் அடைத்த பிறகுதான் வரையவே எடுக்கிறார். ஏழு மாதமாகக் கடையில் தொங்குகிறது, ஒரு பொட்டு மாவு கொட்டவில்லை. வார்னிஷ்தான் முதல் இரண்டு வாரம் கொஞ்சம் ஒட்டியது. கடை என்பதால் தூசி பிடித்து, ஈரத்துணியால் மெதுவாகத் துடைக்க வேண்டியதாயிற்று. வாங்கியவுடன் ஒரு மாதம் தூசி படாத இடத்தில் வையுங்கள்.

கட்டிக் கொடுப்பது அருமையாகக் கட்டிக் கொடுக்கிறார். பழைய வேட்டியில் சுற்றி, மேலே கோணிச்சாக்கு, அதற்கு மேல் நார்க்கயிறு. காரில் கொண்டுவந்தால் எந்தக் கவலையும் இல்லை. நான் இரண்டாவதாக ஒரு முறம் வாங்கிப் பெங்களூரில் இருக்கும் மகளுக்குப் பார்சல் சர்வீஸில் அனுப்பினேன், அங்கேதான் கெட்டது. விளிம்பு உடைந்து, படத்தின் குறுக்கே விரல் நீளத்துக்கு வெடிப்போடு போய்ச் சேர்ந்தது. கண்ணாடிச் சாமான் மாதிரி பார்த்து அனுப்புங்கள் என்று இரண்டு முறை சொல்லித்தான் கொடுத்தேன். கேட்டதற்கு, ரசீதில் அப்படி எழுதவில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். மகள் அழுதாள்.

தீபாவளிக்கு வந்தபோது கூடவே கொண்டுவந்தாள், வாத்தியாரிடம் எடுத்துப் போனோம். காசு வாங்கவில்லை. மூங்கில் சிம்பு வைத்துப் பின்பக்கம் தைத்து, பசை போட்டு ஒட்டினார். ஆனால் முன்பக்கம் வெடிப்பை வண்ணம் பூசி மறைக்கவில்லை. அந்தக் கோட்டின் மேலேயே எறும்புச் சாரை ஒன்று வரைந்துவிட்டார். நீளக் கால், நீள உணர்கொம்பு, வெளிறிய மஞ்சள். 2022-ல் திண்டுக்கல் பக்கம் கரந்தமலை அடிவாரத்தில் ஆடு மாடுகளைப் பாடாய்ப் படுத்திய அதே எறும்பு. "இதும் வெளியிலிருந்து வந்ததுன்னுதானுங்க சொல்றாங்க. ஒடைஞ்ச எடம் பாத்துத்தான் உள்ளே வரும்" என்றார். மகளுக்கு இப்போது அந்த எறும்புகள்தான் படத்திலேயே பிடித்த இடம்.

தூரத்திலிருந்து வருகிறவர்கள் நேரில் வந்து எடுத்துப் போவதே நல்லது. வெள்ளகோவில்–மூலனூர் பஸ்ஸில் வந்தால் ரோட்டில் இறங்கி அரை மைல் நடக்க வேண்டும். இட்டேரியின் இரண்டு பக்கமும் கிழுவை இருப்பதால் நிழல் கொஞ்சம் கிடைக்கும். வெயில் காலத்தில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளைக் கூட்டிப் போகலாம், தொட்டுப் பார்க்க விடுகிறார்.

கிளம்பும்போது என்னிடம் ஒன்று கேட்டார். மரவள்ளியில் 2020-க்கு அப்புறம் புதிதாக வந்திருக்கிறதே ஒரு மாவுப்பூச்சி, குருத்தைச் சுருக்கிக் கொத்தாக்கி விடுகிறது, அதை உயிரோடு பார்க்க வேண்டுமாம். அதற்கும் ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டிலிருந்து குளவி வரவழைத்து விட்டிருக்கிறார்கள் என்று படித்தேன், குளவி குடைந்து வெளியே வந்த பூச்சிக்கூடும் வேண்டும், ஓட்டை எந்தப் பக்கம் விழுகிறது என்று தெரிந்தால்தான் வரைய முடியும் என்றார். நாமக்கல் பக்கம் மரவள்ளி போடுகிற ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை இலை வந்துவிடும். ஒரு கவரில் பூச்சி இருக்கிற இலை, இன்னொன்றில் ஓட்டை விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை கடையைப் பையன் பார்த்துக்கொள்வான்.